டைனமோ ஊதிய அபாயச் சங்கு

சாமுண்டீஸ்வரிக்குக் காது கூர்மை என்று திருவேற்காட்டில் யாராவது சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. பக்கத்து வீட்டுச் சண்டை ஒரு சொல் சிந்தாமல் அவளுக்குக் கேட்டுவிடும் என்பது ஒன்று. இயந்திரத்துக்கு என்ன நோய் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள் என்பது மற்றது. முதலாவதில் அவள் தவறியதே கிடையாது. இரண்டாவதில் பாதிக்குப் பாதி தவறுவாள். ஆனால் தப்பாகச் சொல்லும்போதும் சரியாகச் சொல்லும் அதே தொண்டையில்தான் சொல்வாள் என்பதால் ஊராருக்கு வித்தியாசம் தெரியாது.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பிறந்தவள். தவளைச் சத்தத்தைத் தவிர வேறு இசை கேட்காமல் வளர்ந்தவளைக் கொண்டுவந்து ஜம்புலிங்கத்தின் நெல் மில்லில் இஞ்சின் ஓட்டும் திருவேங்கடத்துக்குக் கட்டி வைத்தார்கள். மில்லின் பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் வீடு. காலையில் ஆயில் இஞ்சின் கிளம்பினால் அடுப்பங்கரையில் உழக்கும் படியும் சேர்ந்து ஆடும். முதல் மாதம் அழுதாள். இரண்டாம் மாதம் இஞ்சின் எப்போது விக்குகிறது, எப்போது இருமுகிறது என்று பழகிப்போனது. அதற்கப்புறம் அடுப்பங்கரையில் இருந்தபடியே, "யோவ், தண்ணி ஊத்துய்யா, தொண்ட காஞ்சி கத்துது" என்று குரல் கொடுப்பாள். பல வருஷம் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்ற திருவேங்கடத்துக்குக் காது மந்தம். அவன் காது போனதற்கு இஞ்சின் காரணமா, சம்சாரம் காரணமா என்பதில் ஊரில் இரண்டு கட்சி இருந்தது.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை வெயிலில் மெட்ராஸ் காலியானது. ஜப்பான்காரன் இன்றைக்கு வருகிறான், நாளைக்கு வருகிறான் என்று சர்க்காரே சொல்லிவிட, ஜனங்கள் மாட்டு வண்டியிலும் ஜட்காவிலும் மூட்டை முடிச்சோடு மேற்கே நகர்ந்தார்கள். திருவேற்காட்டில் மாட்டுக் கொட்டகைகூட வாடகைக்குப் போயிற்று. மாடுகள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தன. வந்தவர்களில் நாலைந்து பேர் ரேடியோப் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஊருக்குக் கரண்டுக் கம்பி வரவில்லை. கார் பாட்டரி வைத்துத்தான் ரேடியோ பாட வேண்டும். பாட்டரி இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். அதற்கு உயிர் ஊட்டப் பூந்தமல்லிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

வியாபாரம் எங்கே இருக்கிறது என்று ஜம்புலிங்கத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குடை சாய்ந்து கிடந்த ஒரு பழைய பஸ்ஸிலிருந்து டைனமோவைக் கழற்றி வாங்கி வந்தார். மில் இஞ்சினிலிருந்து ஒரு பெல்ட்டை அதற்கு மாட்டச் சொன்னார். நெல்லும் குத்தலாம், பாட்டரியும் ஏற்றலாம். ஒரே எண்ணெய்ச் செலவில் இரண்டு வேலை நடப்பதைப் பார்த்து அவருக்கு இளமை திரும்பியது.

பாட்டரி கொடுக்க வந்தவர்களில் முக்கியமானவர் சம்பத். புரசைவாக்கத்தில் பெரிய பாத்திரக் கடை வைத்திருந்தவர். கடையைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டில் குடி வந்திருந்தார். மெட்ராஸில் ஏ.ஆர்.பி. வார்டனாக இருந்தாராம். குண்டு விழும்போது ஜனங்களைப் பதுங்கு குழிக்கு விரட்டும் உத்தியோகம். ஊர் மாறினாலும் உத்தியோகத்தை விடவில்லை. கையில் பட்டி, கழுத்தில் விசில். தலைக்கு இரும்புத் தொப்பி கிடைக்காததால் கடையிலிருந்து கொண்டுவந்த பித்தளைத் தவலையைக் கவிழ்த்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார். அவர் சொல்லித்தான் குளக்கரையில் நீளமாக ஒரு குழி வெட்டினார்கள். வெட்டிய மறுநாளே ஊற்று எடுத்தது. எருமைகள் அதில் இறங்கி, எந்தக் குண்டுக்கும் அசையாமல் படுத்துக்கொண்டன.

ஒரு நாள் காலை. சாமுண்டீஸ்வரி குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். மில் பக்கமிருந்து ஒரு ஊளை எழும்பியது. மெல்லத் தொடங்கி உச்சிக்குப் போய், அங்கே நின்று நடுங்கி, இறங்கி, மறுபடியும் ஏறியது. மெட்ராஸிலிருந்து வந்தவர்களுக்கு அந்தச் சத்தம் எலும்பில் தங்கியிருந்தது. அபாயச் சங்கு! தவலை ஒரு பக்கம் சாயச் சம்பத் தெருவில் ஓடி வந்தார். விசில் அடித்தார். "எல்லாம் குழிக்குப் போங்க! குழிக்குப் போங்க!" ஊர் குளக்கரைக்கு ஓடியது. கோயில் பூசாரி கற்பூரத் தட்டோடு குதித்தார். முதலில் அணைந்தது கற்பூரம்தான். எருமைகளுக்கும் மனிதர்களுக்கும் இடத் தகராறு வந்தது. ஜம்புலிங்கம் அவ்வளவு தூரம் ஓட முடியாமல் தவிட்டு மூட்டைகளுக்கு அடியில் புகுந்துகொண்டார்.

திருவேங்கடத்துக்கு ஊளை கேட்கவில்லை. ஜனங்கள் ஓடுவது மட்டும் தெரிந்தது. இஞ்சின்தான் வெடிக்கப்போகிறது என்று நினைத்து அதை நிறுத்தினான். ஊளை சோகமாக இறங்கி அடங்கியது.

சாமுண்டீஸ்வரி கையில் கரண்டியோடு குளக்கரைக்கு வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்யா சேத்துல பூந்துகினு கீறீங்க? அது ஜப்பான்காரன் இல்ல, கஸ்மாலங்களா. எங்கூட்டுக்காரன்!"

ஊர் சிரித்தது. சம்பத் சிரிக்கவில்லை. தவலையிலிருந்து சேறு வழிய மேலே ஏறி வந்தார். "இன்னாம்மா நெனச்சிகினு கீறே? சர்க்கார் சங்கு மாதிரி ஊதறது குத்தம். பூந்தமல்லி இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்பறேன். வந்து டைனமோவத் தூக்கிகினு போவாரு."

"ஐயா, அது ஊதல. அதுக்கு ஒடம்பு சரியில்ல. நான் பாத்துக்கறேன்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

பார்த்தாள். டைனமோவைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, கன்னத்தில் கை வைத்து, "பேரிங்கு காஞ்சிபோச்சு" என்று தீர்ப்புச் சொன்னாள். சண்டைக்காலத்தில் மசகெண்ணெய் கிடைப்பதாவது? தலை முழுக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயைக் கொண்டுவந்து பேரிங்கில் ஊற்றினாள். அன்றைக்கு டைனமோ அழகாக ஓடியது. மில் முழுக்க அதிரசம் சுடுகிற வாசனை. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு நாள் கழித்து ஊளை திரும்பி வந்தது. ஊர் மறுபடி குழிக்குள் இறங்கியது.

"பெல்ட்டு வழுக்குது. நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள். அன்றைக்கு அவள் அப்படிச் சொல்லவே இல்லை. குங்கிலியத்தைப் பொடி செய்து பெல்ட்டில் தூவச் சொன்னாள். அடுத்த முறை வந்த ஊளை பருத்திப்பட்டு வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். அதோடு போகவில்லை. கடைசியில் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சுருதியில் நீளமாக இழுத்தது. ஆபத்து நீங்கியது என்பதற்கு மெட்ராஸில் ஊதும் சங்கும் அப்படித்தான் இருக்கும். சம்பத் தன்னை அறியாமல் விசிலை எடுத்து, "ஆல் கிளியர்! எல்லாம் ஊட்டுக்குப் போங்க!" என்று கத்திவிட்டார். டைனமோ சொல்லி ஊர் இறங்கியது, டைனமோ சொல்லி ஊர் ஏறியது.

ஜம்புலிங்கம் தலையில் தவிடு உதிர வந்து நின்றார். "இதுக்கு மேல தாங்காது. நாளானிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாராம். டைனமோவக் கழட்டிப் போட்டுடு திருவேங்கடம்."

"இன்னா?" என்றான் திருவேங்கடம்.

"ஒரு நாள் குடு மொதலாளி" என்றாள் சாமுண்டீஸ்வரி. தோற்றுப்போவது அவளுக்குப் பிடிக்காது. இரண்டு தடவை ஊருக்கு எதிரே தோற்றிருந்தாள். கிணற்றடியில் பெண்கள், "சாமுண்டி, எம் மாமியா ஊள உடுறா, வந்து நல்லெண்ண ஊத்தேன்" என்று கேலி பண்ணத் தொடங்கியிருந்தார்கள்.

அன்றைக்கு அவள் எதையும் பார்க்கவில்லை. டைனமோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணை போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஊளை கிளம்பியது. இந்தத் தடவை ஊளையை விட்டுவிட்டு மற்றதைக் கேட்டாள். ஊளை தொடங்கும்போதெல்லாம் அதற்கு முன்னால் சின்னதாக ஒரு 'டக்'. ஊளை இறங்கும்போது இன்னொரு 'டக்'. பல்லி சொல்கிற மாதிரி.

"இந்த டக்குன்றது யாருய்யா?" என்று கேட்டாள்.

திருவேங்கடம் காதைக் கொடுத்தான், ஒன்றும் கேட்கவில்லை. விரலை வைத்துப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த சின்னத் தகரப் பெட்டியில் விரல் நின்றது. கட்-அவுட். உள்ளே ஒரு இரும்பு நாக்கு. டைனமோவுக்கு வலு வந்ததும் நாக்கு கவ்விப் பாட்டரியோடு சேர்க்கும். வலு குறைந்தால் விட்டுவிடும். விடாவிட்டால் பாட்டரியில் இருக்கிறதும் திரும்பி டைனமோவுக்கே வந்துவிடும்.

இருவரும் வெகுநேரம் அதன் முன் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குக் கேட்டதை அவள் சொன்னாள், அவனுக்குத் தெரிந்ததை அவன் சொன்னான். கொஞ்சம் கொஞ்சமாகக் கதை சேர்ந்தது. நாக்கு கவ்வுகிறது. ஏதோ ஒரு பாட்டரி பேய்ப் பசியோடு அத்தனையையும் குடிக்கிறது. டைனமோவுக்குப் பாரம் தாங்கவில்லை, பெல்ட் வழுக்கி அலறுகிறது. வேகம் குறைந்ததும் நாக்கு விட்டுவிடுகிறது. பாரம் போனதும் வேகம் ஏறி, நாக்கு திரும்பக் கவ்வுகிறது. திரும்ப அலறல். ஏற்றமும் இறக்கமுமாகச் சங்கு ஊதுவது இதுதான். குங்கிலியத்துக்கு அலறலை உரக்கச் செய்யத்தான் தெரிந்தது.

எந்தப் பாட்டரி? ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கடைசிக்கு முந்தினதைக் கழற்றியதும் டைனமோ பசுமாடு மாதிரி சாதுவானது. அந்தப் பாட்டரியின் பக்கத்தில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்தது: சம்பத்.

"அவருதா?" என்றான் திருவேங்கடம். "இதுல உசுரே கெடையாதே. ஒறிஞ்சி எடுத்துருக்காங்க. சாயங்கால நியூஸ் மட்டுந்தான் கேக்கறேன்னாரே?"

சம்பத் வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெருக்குபவள் குப்பம்மா. சாமுண்டீஸ்வரி அவளைக் கிணற்றடியில் மடக்கினாள். மடக்கவே வேண்டியதில்லை. சொல்லத்தான் அவள் காத்திருந்தாள்.

"நியூஸா? காலைல கதவச் சாத்துனா மத்தியானம் வரிக்கும் தொறக்க மாட்டாரு. தலமேல போர்வையப் போட்டுகினு பொட்டியக் கட்டிப் புடிச்சிகினு கீறாரு. ஒரு ஆம்பள தமிழ்லயே பேசறான், கொரலு கரகரன்னு கீது. அப்பறம் இவரு வந்து சோறு துன்னாம ஒக்காந்துகினு அழுவறாரு."

சாமுண்டீஸ்வரிக்குப் புரிந்துபோயிற்று. எதிரி ஸ்டேஷன். டோக்கியோக்காரனும் பெர்லின்காரனும் தமிழில் பேசுகிறார்கள் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள். கேட்டதை வெளியே சொன்னால் போலீஸ் பிடிக்கும் என்றும் கேள்விப்பட்டிருந்தாள். கேட்பவர் வார்டன்!

டைனமோவுக்கும் அந்தப் பாட்டரிக்கும் நடுவில் திருவேங்கடம் பஸ் விளக்கின் பல்பு ஒன்றை மாட்டினான். பல்பு வழியாகத்தான் கரண்டு போக வேண்டும். பேய்ப் பசிக்காரனுக்கு வாய் சின்னதாகிவிட்டது. சாயங்காலம் வரை சாவகாசமாகக் குடித்தது. ஊளை இல்லை. மறுநாள் காலை திருவேங்கடம் பாட்டரியைத் தோளில் தூக்கிக்கொள்ள, சாமுண்டீஸ்வரி முன்னால் நடந்தாள்.

கதவைத் திறந்த சம்பத்திடம், "ஐயா, ஊளைக்குக் காரணம் தெரிஞ்சிபோச்சு. உன் பாட்டரிதான்" என்றாள்.

"என் பாட்டரியா? எம்மேல பழி போடறியா?"

"பாட்டரி மேலதான் போடறேன். சாயங்காலம் மட்டும் கேட்டா இப்டிச் சாவாது. காலைல போர்வைக்குள்ள பேசறானே ஒருத்தன், அவன்தான் எல்லாத்தையும் குடிச்சிட்டுப் போறான்."

சம்பத்தின் முகம் அவர் விற்கும் ஈயம் பூசாத பாத்திரம் மாதிரி ஆனது. கதவைச் சாத்தினார். கைகூப்பினார். "அம்மா, யாருகிட்டயும் சொல்லிடாதே. புள்ளகுட்டிக்காரன். இன்ஸ்பெக்டரு இன்னிக்கு வர்றாரு."

"சொல்றதுக்கா வந்தேன்? அவன் இன்னாதான் சொல்றான்? எனக்கும் போடு, கேப்போம்."

சம்பத் கதவுத் தாழையும் போட்டார். பிறகு பாட்டரியை மாட்டிக் குமிழைத் திருகினார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். போர்வை ஒருவருக்குத்தான் போதுமானதாக இருந்ததால் அதை ரேடியோவுக்கே போர்த்தினார்கள். கரகரப்பு, விசில், யாரோ தொண்டையைக் கனைப்பது. அப்புறம் ஒரு கம்பீரமான குரல். சென்னைப் பட்டணம் சாம்பலாகிவிட்டது, துறைமுகம் எரிகிறது, கொத்தவால் சாவடியில் ஈ காக்கை இல்லை, புரசைவாக்கம் போன வாரமே தரைமட்டம் என்று ஒரே மூச்சில் சொன்னது.

சம்பத்தின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "தெனமும் சொல்றான். முப்பாட்டன் காலத்துக் கடை. போச்சு. வாய் விட்டு அழ முடியல. எப்படித் தெரியும்னு கேட்டா இன்னா சொல்றது? அங்க போய்ப் பாக்கவும் தைரியம் வரல."

சாமுண்டீஸ்வரி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது.

"ஐயோ, ஐயா! மூணு நாளைக்கு முன்னாடி கொத்தவால் சாவடில நான்தான் கத்திரிக்கா வித்தேன்! எங்கப்பன் வண்டில போனேன். பாதிக் கட பூட்டிக் கீது, மீதிப் பேரு வெல ஏத்தி வச்சிகினு குந்திக்கீறான். திரும்பி வரச்சே புரசவாக்கத்துல மோரு குடிச்சோம். உங் கட கீதே, பச்சக் கதவு? அது வாசல்ல ஒரு கழுத நின்னுகினு இருந்துது."

"பூட்டு இருந்துதா?"

"பூட்டு, கதவு, கழுத, எல்லாம் இருந்துது."

சம்பத் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ரேடியோவைப் பார்த்து, புரசைவாக்கத்துக்காரர்கள் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு வார்த்தையைச் சொன்னார். "இன்னா?" என்றான் திருவேங்கடம். அவனுக்கு முதலிலிருந்தே எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வேர்வையும் கோபமுமாக மில் வாசலில் நின்றார். ஜம்புலிங்கம் தவிட்டு மூட்டைப் பக்கம் நழுவப் பார்த்தார்.

"யாருய்யா உத்தரவில்லாம சங்கு ஊதினது?"

சம்பத் தவலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். புகார் சொன்னவரே அவர்தான். சாமுண்டீஸ்வரியை ஒரு தரம் பார்த்தார். "உத்தரவு என்னோடதுங்க. ஒத்திகை. சங்குக்கு வழியில்லாததால டைனமோவை வச்சி ஊதினோம். மூணு தடவையும் ஊரு மொத்தமும் குழிக்குள்ள இறங்கிடுச்சு. முந்தி சொல்லி அனுப்பினது... அதுவும் ஒத்திகைதான். தகவல் எவ்ளோ சீக்கிரம் போவுதுன்னு பாத்தோம்."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். மற்ற ஊர்களில் விசில் அடித்தால் ஜனங்கள் வேடிக்கை பார்க்க வெளியேதான் வருகிறார்கள். குழிக்குள் இறங்கும் ஊர் ஒன்றாவது தன் சரகத்தில் இருப்பது மேலே சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்ல காரியம். இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை பண்ணுங்க. பெரிய துரை வந்தாலும் வருவாரு" என்று சொல்லிவிட்டு, ஒரு இளநீரும் குடித்துவிட்டுப் போனார்.

சைக்கிள் மறைந்ததும் ஜம்புலிங்கம் தலையில் கை வைத்தார். "இப்பதானே சத்தத்த நிறுத்துனீங்க?"

"நிறுத்துனவளுக்கு ஊதத் தெரியாதா?" என்றாள் சாமுண்டீஸ்வரி. சம்பத் பக்கம் திரும்பினாள். "ஐயா, சனிக்கெழம சங்கு ஊதணும்னா பாட்டரி செத்துக் கெடக்கணும். அதனால வெள்ளிக்கெழம முழுக்க அந்தப் பொய்க்காரன் பேசறத வுடாம கேளு."

சம்பத் கேட்டார். கடமையாகவே கேட்டார். முன்பு போர்வைக்குள் அழுத மனிதர், இப்போது சாமுண்டீஸ்வரியையும் குப்பம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார். புரசைவாக்கம் மறுபடி எரிந்தது என்று குரல் சொல்லும்போதெல்லாம் குப்பம்மா, "பாவம், கழுத" என்பாள். சனிக்கிழமை காலை பாட்டரி வரும். திருவேங்கடம் பல்பைக் கழற்றிவிட்டு, பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துவான். டைனமோ அடிவயிற்றிலிருந்து ஊதும். ஊர் நிதானமாகக் குழிக்கு நடக்கும். வெற்றிலைச் செல்லத்தோடு போகிறவர்களும் உண்டு.

அடுத்த வருஷம் நிஜமாகவே ஒரு விமானம் வந்து மெட்ராஸ் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனது. அன்றைக்குச் சனிக்கிழமை இல்லாததால் திருவேற்காட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் சாமுண்டீஸ்வரியின் பேர் பரவிவிட்டது. திருமுல்லைவாயிலிலிருந்து தையல் மிஷின் கொண்டு வந்தார்கள். ஆவடி ரோட்டில் நின்றுபோன லாரியைக் கேட்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். "கியரு பாக்ஸு போச்சு" என்றாள். இறக்கிப் பார்த்தால் உள்ளே சைலன்சருக்கு மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "கியரு பாக்ஸு பக்கத்துலதானே கீது?" என்றாள் விட்டுக்கொடுக்காமல்.

பயம் தெளிந்து மெட்ராஸ்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சம்பத் தயங்கித் தயங்கிக் கடைசியாகத்தான் போனார். போகும்போது அந்தச் செத்த பாட்டரியை, "சங்குக்கு வேணும்" என்று சாமுண்டீஸ்வரியிடமே விட்டுவிட்டுப் போனார். சண்டை முடிந்தது. சனிக்கிழமைச் சங்கை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. உத்தரவில்லாமல் ஊதியதற்கு ஒரு முறை வம்பு வந்ததால், உத்தரவில்லாமல் நிறுத்த ஜம்புலிங்கத்துக்குத் தைரியம் வரவில்லை. குழியை எருமைகளுக்கே விட்டுவிட்டார்கள். சங்கு மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

நாற்பத்தாறில் புது இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கமாகப் போனவர் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்து எழுந்து, மில்லுக்குள் நுழைந்தார்.

"சண்டை முடிஞ்சி வருஷமாச்சு! யாரு கேட்டு ஊதறீங்க?"

"நீங்கதானே ஊதச் சொன்னீங்க?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"நானா?"

"ஒங்க சட்ட போட்டுகினு வந்தவரு."

அவர் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். நிறுத்தினார்கள். அடுத்த சனிக்கிழமை பாதி ஊரில் சோறு குழைந்துபோயிற்று. சங்கு ஊதினால் உலையை இறக்க வேண்டும் என்று பெண்களுக்குப் பழகியிருந்தது. மத்தியானம் கிணற்றடியில் அவளைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். அவளும் விடவில்லை.